துறுதுறு நாய்க்கும் தூங்கவிடாத பூனைக்கும் இயற்கை வழிகள்: எது உதவும், எது வீண், எது ஆபத்து

ஒரு நிமிடம்கூட உட்காராத நாயையோ, விடியற்காலையில் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே பறக்கிற பூனையையோ வைத்துக்கொண்டு, மாத்திரை இல்லாமல் இதை எப்படி அமைதிப்படுத்துவது என்று தேடினால் வந்து விழுகிற பட்டியல் பெரியது. லாவெண்டர் எண்ணெய், கெமோமில் பூ, பூனைகளை மயக்குகிற கேட்னிப் செடி, பிராணிகள் தங்களுக்குள் விடுகிற வாசனைச் சைகையைக் காற்றில் பரப்புகிற பெரோமோன் டிஃப்யூசர், இறுக்கச் சட்டை, மலர்ச் சொட்டு மருந்து, கஞ்சா செடியிலிருந்து எடுக்கிற சிபிடி எண்ணெய், அமைதி பிஸ்கட், இசை, கூடுதல் நடை, மோப்ப விளையாட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாவற்றின் மேலும் 'இயற்கை' என்ற ஒரே முத்திரைதான். ஆனால் இவற்றில் சில நன்றாகவே வேலை செய்யும், சில லேசாகக் கைகொடுக்கும், சிலவற்றால் பணம் போவதுதான் மிச்சம், ஒன்றிரண்டு உயிருக்கே உலை வைக்கும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பாட்டிலில் வருகிற எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்தப் பிராணியின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறும் அங்கேதான் இருக்கும், தீர்வும் அங்கேதான் கிடைக்கும்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று நிலைகொள்ளாமல் அலைகிறது என்றால் அது குறும்பு இல்லை. தெள்ளுப்பூச்சி அரிப்பு, காதுக்குள் புண், வயிற்றுக் கோளாறு, மூட்டுவலி எல்லாமே வெளியே பார்க்கிறவர் கண்ணுக்கு 'அடங்க மாட்டேங்குது' என்றுதான் தெரியும். பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டது, நிறையச் சாப்பிட்டும் இளைக்கிறது, ராத்திரியில் கத்திக்கொண்டு சுற்றுகிறது என்றால் தைராய்டு அதிகமாகச் சுரப்பதாக இருக்கலாம், வயதான பூனைகளுக்கு அது சாதாரணமாக வருகிற நோய், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இப்படிப்பட்ட நேரத்தில் மூலிகை கொடுத்துப் பார்ப்பது நாளைக் கடத்துவது மட்டுமே. மாற்றம் திடீரென்று வந்தால் முதலில் கால்நடை மருத்துவரிடம் போங்கள், இந்தக் கட்டுரைக்கு அப்புறம் வரலாம்.

இன்னொரு பக்கம், நோயே இல்லாததை நோயாக நினைப்பதும் நடக்கிறது. நாய்க்குட்டி ஒரு நாளைக்குப் பதினெட்டிலிருந்து இருபது மணி நேரம் தூங்க வேண்டியது. வீட்டில் ஆள் மாற்றி ஆள் கொஞ்சிக்கொண்டே இருந்தால் அது பாதி நேரம்கூடத் தூங்காது. தூக்கம் கெட்ட குட்டி சோர்ந்து படுக்காது, மாறாகக் கையைக் கடிக்கும், திரைச்சீலையை இழுக்கும், சுற்றிச் சுற்றி ஓடும். அதைப் பார்த்து 'இன்னும் சக்தி மிச்சம் இருக்கு' என்று மேலும் விளையாட்டுக் காட்டுவார்கள், குட்டி இன்னும் மோசமாகும். இந்த இடத்தில் எந்த வைத்தியமும் வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மூலையில் படுக்கை போட்டு, ஒரு மணி நேரம் விழித்திருந்தால் அடுத்து ஓர் உறக்கம் என்று பழக்கினால் சில நாளில் வேறு நாய்க்குட்டி மாதிரி இருக்கும்.

சரி, நோய் இல்லை, குட்டியும் இல்லை, வளர்ந்த ஆரோக்கியமான நாய் ஆனாலும் ஆட்டம் தாங்கவில்லை என்றால் முதல் தேர்வு எப்போதும் ஓட்டமா மோப்பமா என்பதுதான். பெரும்பாலானவர்கள் ஓட்டத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பந்தைத் தூக்கி எறி, எடுத்து வரட்டும், மறுபடி எறி, நாக்குத் தொங்கும்வரை எறி, களைத்துப் படுத்துவிடும். அன்றைக்குப் படுத்துவிடும்தான். ஆனால் தினமும் இப்படிச் செய்வது ஓட்டப்பந்தய வீரருக்குப் பயிற்சி கொடுப்பது போல: சில வாரங்களில் அதே நாய்க்கு அதே நேரம் போதாது, நீங்கள் பந்தைக் கையில் எடுத்தாலே நடுங்கிக்கொண்டு குரைக்கும். துரத்தல் உடம்பைக் களைக்க வைக்கிற அதே நேரத்தில் மனசைக் கிளறியும் விடுகிறது, அந்தக் கிளர்ச்சி அடங்கப் பந்து விளையாடின நேரத்தைவிட அதிக நேரம் ஆகும். ஓட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நாய்க்கு ஓட்டம் தேவைதான். அமைதிக்கு மருந்தாக அதை மட்டும் நம்பினால் கைவிட்டுவிடும்.

மோப்பத்துக்கு நான் கொடுக்கிற இடம் இதைவிட மேலே. 2019இல் சார்லட் டுராண்டனும் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸும் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் மோப்பப் பயிற்சி செய்த வளர்ப்பு நாய்கள், உரிமையாளரை ஒட்டி நடக்கிற பயிற்சி செய்த நாய்களைவிட, உள்ளே தின்பண்டம் இருக்குமா இருக்காதா என்று தெரியாத கிண்ணத்தை நோக்கி விரைவாகப் போயின. நல்லதுதான் நடக்கும் என்கிற மனநிலையில் இருக்கிற நாய் அப்படித்தான் போகும். அவசர அவசரமாக இழுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடப்பதற்குப் பதில், நீளமான கயிறு, உடலோடு அணிகிற பட்டை, முகர வேண்டிய இடத்தில் எல்லாம் நின்று முகரும் அனுமதி, இப்படி அரை மணி நேரம் நடந்து பாருங்கள். பக்கத்தில் நிற்பவருக்கு இது நடையாகவே தெரியாது, ஒரே புல் திட்டில் ஐந்து நிமிடம் நிற்கவேண்டி வரும். பரவாயில்லை, நடை நாய்க்காகத்தானே.

வெளியே போக முடியாத நாளுக்கு ஒரு பழைய துண்டு போதும். துண்டைத் தரையில் விரித்து, அதன் சாப்பாட்டில் ஒரு கைப்பிடி உலர் தீவனத்தைத் தூவி, பாய் சுருட்டுகிற மாதிரி தளர்வாகச் சுருட்டி வையுங்கள். ஆரம்பத்தில் நாய் காலால் பிறாண்டும், துண்டைக் கவ்வி உதறும், இதெல்லாம் அந்தப் பழைய படபடப்புதான். இரண்டு மூன்று தீவனம் வாயில் கிடைத்ததும் மூக்கு துண்டுக்குள் நுழையும், 'புஸ் புஸ்' என்று மூச்சுச் சத்தம் சின்னச் சின்னதாகத் தொடர்ந்து வரும், வால் ஆட்டம் மெதுவாகும், பின்னங்கால் மடங்கும். பல நாய்கள் கடைசித் தீவனத்தைப் படுத்தபடியேதான் எடுக்கும். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு அங்கேயே தலையைச் சாய்க்கும். தொடங்கும்போது எளிதாகச் சுருட்டுங்கள், கெட்டியாக முடிச்சுப் போட்டால் எரிச்சல்தான் வரும். துணியைத் தின்கிற பழக்கமுள்ள நாய்க்கு மட்டும் இது வேண்டாம், அதற்குத் தீவனத்தைப் புல்லிலேயே இறைத்துவிடலாம்.

நக்குவதும் மெல்லுவதும் இதே வகைதான். நக்குத் தட்டில் ஈர உணவைத் தடவிக் கொடுப்பது, உள்ளே தீவனம் அடைத்த ரப்பர் பொம்மை, கடித்து மெல்லக்கூடிய ஏதாவது ஒன்று என எல்லாமே நாயைத் தானாகவே தணிய வைக்கிற வேலைகள், ஆட்கள் வந்து போன பின்னான பரபரப்புக்கு மிகவும் ஏற்றவை. இரண்டே எச்சரிக்கை. வேகவைத்த எலும்பு சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும், கொடுக்கவே கூடாது. கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் துளியும் பதியாத அளவு கெட்டியான பொருள் பல்லை உடைக்கும். தட்டில் தடவ வேர்க்கடலை வெண்ணெய் எடுத்தால் அதில் சைலிட்டால் என்ற இனிப்பு சேர்ந்திருக்கிறதா என்று படித்துவிடுங்கள், நாய்க்கு அது விஷம்.

இத்தனைக்கும் மேலே ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஏனென்றால் அதை விற்க முடியாது, காட்டிப் பெருமைப்படவும் முடியாது. சும்மா இருப்பதைச் சொல்லிக் கொடுப்பது. 'உட்கார்', 'கைகொடு' எல்லாம் சொல்லித் தருகிறோம், ஆனால் நாய் தானாகப் போய்ப் படுத்திருக்கிற நேரத்தில் அதைக் கவனிக்கவே மாட்டோம், குரைத்தால் மட்டும் திரும்பிப் பார்ப்போம். குரைத்தால் கவனிப்பு கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளாமல் வேறு என்ன செய்யும்? ஒரு பாயோ விரிப்போ போட்டு, நாய் அதன் மேல் கால் வைத்தால் ஒரு துணுக்கு, படுத்தால் ஒரு துணுக்கு, இடுப்பைச் சாய்த்துத் தளர்ந்து படுத்தால் இன்னொன்று, எல்லாமே பேசாமல், முன்னங்கால்களுக்கு நடுவே தரையில் வைக்க வேண்டும். கையால் ஊட்டினால் எழுந்து நிற்கும், தரையில் வைத்தால் தலை தாழும், சின்ன விஷயம்தான் ஆனால் பலனில் பெரிய வித்தியாசம். பிறகு நீங்கள் ஓர் அடி விலகுங்கள், திரும்பி வந்து துணுக்கு வையுங்கள். அடுத்து இரண்டடி, கதவைத் தொடுவது, கதவைத் தட்டுவது என்று மெல்ல மெல்லக் கூட்டுங்கள். அமெரிக்கக் கால்நடை நடத்தை மருத்துவர் கேரன் ஓவரால் இதற்கென்றே பதினைந்து நாள் பயிற்சி முறை ஒன்று வகுத்திருக்கிறார், பல பயிற்சியாளர்கள் அதைத்தான் பின்பற்றுகிறார்கள். மோப்பம் அந்த நேரத்தைத் தணிக்கும், இது சுபாவத்தையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றும். பலன் தெரிய வாரக்கணக்காகும், அதுதான் இதன் ஒரே குறை. ஒரே ஒரு வழிதான் தேர்ந்தெடுக்கலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால் இதைத்தான் எடுப்பேன்.

தனிமையையும் கணக்கில் சேருங்கள். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தார் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றின் உரிமையாளர்களிடம் கேட்டு 2021இல் வெளியிட்ட ஆய்வில், அதிதுறுதுறுப்பும் அவசரபுத்தியும் இளம் ஆண் நாய்களிடமும், வீட்டில் அதிக நேரம் தனியே விடப்படுகிற நாய்களிடமும் கூடுதலாகக் காணப்பட்டன. தனிமைதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நாள் முழுக்கப் பூட்டிய வீட்டில் இருந்துவிட்டு மாலையில் தலைகால் புரியாமல் ஆடுகிற நாய்க்கு நீங்கள் வாங்கி வருகிற அமைதி பிஸ்கட்டைவிட, நடுப்பகலில் ஒருவர் வந்து அரை மணி நேரம் கூட்டிப்போவது எவ்வளவோ மேல்.

பூனைக்கு வேறு கணக்கு

பூனையைப் பழக்குவதைவிட அதன் இயல்புக்கு நம் நேரத்தை ஒட்டவைப்பது சுலபம். விடியலும் அந்தியும்தான் அதன் சுறுசுறுப்பு வேளை. வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்தல், உறக்கம் என்பது அதன் வரிசை. நாம் கிண்ணத்தை நாள் முழுக்க நிரப்பி வைத்து முதல் படியையே எடுத்துவிடுகிறோம், அந்த வேட்டைதான் விடிகாலை நாலு மணிக்கு நம் கால்விரல் மேல் நடக்கிறது. நீங்கள் படுக்கப்போவதற்குச் சற்று முன், கோலில் இறகு கட்டிய பொம்மையைத் தரையோடு இழுத்து, சோபாவுக்குப் பின்னால் மறைத்து, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பத்து நிமிடம் விளையாடுங்கள், பூனை அதை நன்றாகக் கவ்விப் பிடிக்கவும் விடுங்கள், உடனே அன்றைய கடைசிச் சாப்பாட்டை வையுங்கள். மிச்ச வரிசை தானாக நடக்கும். இறகை முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள், எந்த இரையும் பூனையை நோக்கி வராது. லேசர் விளக்கு இதைவிடச் சுலபமாகத் தெரியும், ஆனால் பிடிக்கவே முடியாத இரை அது. லேசர் அதிகம் காட்டப்படுகிற பூனைகளிடம் நிழலையும் வெளிச்சத்தையும் விடாமல் துரத்துவது போன்ற பழக்கங்கள் கூடுதலாக இருப்பதாக ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. இரண்டில் ஒன்று என்றால் இறகுக் கோலையே எடுங்கள்.

கேட்னிப்பை அமைதி மூலிகை என்று விற்கிறார்கள், பாதிதான் உண்மை. மூன்றில் இரண்டு பூனைகளுக்குத்தான் அது வேலை செய்யும், சில மாதக் குட்டிகளுக்குப் பொதுவாக எதுவும் ஆகாது. வேலை செய்கிற பூனையும் முதலில் உருளும், உதைக்கும், சில சமயம் சீறும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குப் பிறகுதான் ஓய்ந்து படுக்கும், அதன் பின் கொஞ்ச நேரம் அந்த வாசனைக்கு அசையவே அசையாது. ஆக அது ஓர் ஆட்டம் முடிந்த களைப்பு, அவ்வளவுதான். கேட்னிப்புக்கு மசியாத பூனைக்கு சில்வர் வைன் என்ற கொடியின் தூள் இருக்கிறது. நூறு பூனைகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வில் ஐந்தில் நான்கு பூனைகள் அதற்கு மயங்கின. வலேரியன் வேருக்குப் பாதிப் பூனைகள் மசிந்தன. மனிதருக்குத் தூக்கம் தருகிற இந்த வேர் பூனையைக் கிளப்பிவிடும் என்பதால் இரவில் இதைக் கொடுத்துவிட்டு அமைதியை எதிர்பார்க்காதீர்கள். இரண்டு பூனைகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கிற வீட்டில் இவற்றைத் தனித்தனி அறையில்தான் கொடுக்க வேண்டும்.

காற்றிலும் காதிலும் வருகிறவை

இசைக்குச் செலவு இல்லை, கெடுதல் இல்லை, கொஞ்சம் பலனும் உண்டு. பெல்ஃபாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தின் டெபோரா வெல்ஸ் 2002இல் காப்பகத்து நாய்களுக்கு வெவ்வேறு ஒலிகளைப் போட்டுப் பார்த்தார்: மேற்கத்திய செவ்வியல் இசைக்கு நாய்கள் அதிகம் ஓய்ந்திருந்தன, ஹெவி மெட்டலுக்குக் குரைப்பு கூடியது. பிறகு கிளாஸ்கோ பல்கலைக்கழகமும் ஸ்காட்டிஷ் எஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பும் சேர்ந்து பார்த்தபோது, ஒரே வகை இசையைத் தொடர்ந்து போட்டால் சில நாளில் நாய்களுக்குப் பழகிப்போய் விளைவு மங்கியது. சாஃப்ட் ராக், ரெகே வகைகளுக்கும் நல்ல பலன் இருந்தது. ஆகவே மாற்றி மாற்றிப் போடுங்கள், மெதுவான சத்தத்தில் போடுங்கள், நீங்கள் வெளியே கிளம்பும்போது மட்டும் போடாதீர்கள். அப்படிச் செய்தால் பாட்டுக் கேட்டாலே 'ஆள் கிளம்பப் போகிறார்' என்று நாய் பதற ஆரம்பிக்கும்.

பெரோமோன் டிஃப்யூசர் விஷயத்தில் ஆய்வுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. பாலூட்டும் தாய் நாயிடம் சுரப்பதன் செயற்கை நகல் நாய்களுக்கும், பூனை கன்னத்தை உரசும்போது விடுவதன் நகல் பூனைகளுக்கும் விற்கப்படுகின்றன, அடாப்டில், ஃபெலிவே என்பவை இந்த வகை. 2010இல் அதுவரை வந்த ஆய்வுகளை மொத்தமாக அலசிய ஒரு கட்டுரை, போதிய ஆதாரம் இல்லை என்றே பெரும்பாலும் முடித்தது. பாதுகாப்பானது என்பது இதன் பலம். புது வீடு, புது ஆள், பூனைகளுக்குள் பூசல் மாதிரியான பதற்றத்தால் வருகிற ஆட்டத்துக்கு ஒரு மாதம் முயன்று பார்க்கலாம். சும்மா சலிப்பால் ஆடுகிற நாய்க்கு வாங்காதீர்கள். இறுக்கச் சட்டையும் இதே தட்டில்தான் நிற்கிறது, இடி, வெடிச் சத்தம் போன்ற பயத்துக்குச் சில நாய்களுக்கு உதவுகிறது. போட்டதும் நாய் சிலையாக நின்றுவிட்டால் அமைதியாகிவிட்டது என்று மகிழாதீர்கள், அது உறைந்து நிற்கிறது, கழற்றிவிடுங்கள்.

வாசனை எண்ணெயில்தான் எனக்குப் பயம். லாவெண்டருக்குக் கொஞ்சம் ஆதாரம் இருப்பது உண்மை. காரில் ஏறினாலே கூத்தாடுகிற 32 நாய்களை வைத்து 2006இல் அதே டெபோரா வெல்ஸ் செய்த ஆய்வில், லாவெண்டர் மணம் இருந்தபோது நாய்கள் அதிக நேரம் உட்கார்ந்தும் படுத்தும் இருந்தன, குரைப்பும் குறைந்தது. ஆனால் அது காற்றில் லேசான மணம். இதைப் படித்துவிட்டு எண்ணெயை நேராக நாயின் கழுத்தில் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள், நக்கினால் உள்ளே போகும். பூனை உள்ள வீட்டில் இந்தப் பேச்சே வேண்டாம் என்பேன். இந்த எண்ணெய்களில் உள்ள பல பொருள்களை உடைத்து வெளியேற்றுகிற திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகவும் குறைவு, டிஃப்யூசரிலிருந்து பறக்கிற நுண்துளிகள் ரோமத்தில் படியும், அதைப் பூனை நக்கி விழுங்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கும் பூனைக்கும் சில துளியிலேயே தள்ளாட்டமும் நடுக்கமும் வரவைக்கும். நாய்க்கு லாவெண்டர் முயன்றே தீர வேண்டும் என்றால் அறையின் ஒரு மூலையில் மட்டும் மெல்லிய மணம் இருக்கட்டும், கதவு திறந்திருக்கட்டும், பிடிக்கவில்லை என்றால் நாய் எழுந்து போக வழி இருக்க வேண்டும்.

வாய்வழி கொடுப்பவை கடைசியில் வருகின்றன, என் வரிசையிலும் அவை கடைசிதான். தேயிலையில் உள்ள எல்-தியானின், பாலின் கேசினிலிருந்து எடுக்கிற ஆல்ஃபா-கேசோசெபைன் இரண்டுக்கும் பதற்றம் குறைந்ததாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு, பக்கவிளைவும் குறைவு, அதனால் பயந்த சுபாவமுள்ள பிராணிக்குப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுக்க மருத்துவர்களே சொல்வதுண்டு. தூக்கத்தைத் தூண்டுகிற ஹார்மோனான மெலடோனினும் பயன்படுகிறது, ஆனால் மனிதருக்கான மெல்லும் மாத்திரைகளில் மேலே சொன்ன சைலிட்டால் இருக்கக்கூடும், வீட்டில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். மலர்ச் சொட்டு மருந்துகளுக்கு மருந்தே கலக்காத வெற்று மருந்தைத் தாண்டின பலன் காட்டப்படவில்லை, சிலவற்றில் பிராந்தி கலந்திருக்கிறது, பிராணிக்கு அது எதற்கு? சிபிடி எண்ணெய் பற்றி வலிக்கும் வலிப்புக்கும் நடக்கிற ஆய்வுகள்தான் முன்னே நிற்கின்றன, துறுதுறுப்பைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் மெலிந்தது. அதில் கஞ்சாவின் போதைப் பொருளான டிஎச்சி கலந்திருந்தால் நாய் தள்ளாடும், சிறுநீர் சொட்டும், சட்டமும் நாட்டுக்கு நாடு வேறு. கெமோமில் இயல்பாகவே மென்மையானது என்று நம்பிக் கொடுப்பவர்களும் உண்டு, ஆனால் நச்சுச் செடிப் பட்டியலில் அதன் பெயரும் இருக்கிறது.

இப்போது உங்கள் வீட்டுப் பிராணிக்கு எது என்று முடிவெடுக்க, அது எப்போது ஆடுகிறது என்பதைச் சில நாள் குறித்து வையுங்கள். குறிப்பிட்ட வேளையில் மட்டும் ஆடினால் அந்த வேளைக்கு அரை மணி நேரம் முன்னால் மோப்பமோ வேட்டை விளையாட்டோ வைத்தாலே பாதி அடங்கும். ஆள், மணியோசை, வாகனம் என்று குறிப்பிட்ட தூண்டுதலுக்கு மட்டும் ஆடினால் பாய்ப் பயிற்சிதான் வழி, சட்டையும் பெரோமோனும் அதற்குத் துணை. எப்போதும் எந்நேரமும், தூக்கத்திலும் துள்ளி எழுந்து, வாலைத் துரத்திச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, கூப்பிட்டாலும் நிறுத்த முடியவில்லை என்றால் அது வீட்டு வைத்தியத்தின் எல்லையைத் தாண்டிவிட்டது. ஒரே நேரத்தில் நாலைத் தொடங்காதீர்கள், ஒன்றைப் பிடித்து இரண்டு மூன்று வாரம் செய்தால்தான் எதனால் பலன் என்று தெரியும்.

மருத்துவரிடம் போகும்போது ஆட்டத்தை மொபைலில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அங்கே போனதும் பயத்தில் பூனை பூனையாகவே இருக்காது. நீங்கள் கொடுத்துவருகிற பிஸ்கட், சொட்டு மருந்து, தூள் எல்லாவற்றின் டப்பாவையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ஃப்ளுவாக்சடின் மாதிரி, மனநிலையைச் சீராக்குகிற செரோடோனின் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டுகிற மருந்தை அவர் எழுதிக் கொடுத்தால், அதே செரோடோனினை ஏற்றுகிற டிரிப்டோஃபேன் பிஸ்கட்டையோ செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையையோ அவரைக் கேட்காமல் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், வலிப்பு வரை போகலாம்.